புனையா ஓவியமும் நெய்யூர் டாக்டரும்

நெய்யூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஆஸ்பத்திரி. நம் வட்டாரத்துப் பெரியவர்களுக்கு அந்த ஆஸ்பத்திரி என்றால் டாக்டர் சோமர்வெல். அவரைப் பற்றி இரண்டு விஷயங்கள் நம்மில் எல்லோருக்கும் தெரியும். எவரெஸ்ட் சிகரம் ஏறப் போனவர் என்பது ஒன்று. வயிற்றுப் புண்ணால் துடித்தவர்களுக்கு ஆயிரக்கணக்கில் ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தவர் என்பது மற்றொன்று. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதை நம் ஊரில் அதிகம் பேர் பேசி நான் கேட்டதில்லை. அவர் நன்றாகப் படம் வரைவார். பொழுதுபோக்குக்கு இரண்டு கோடு இழுப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தின் ஓவியர் சங்கம் ஒன்றில் உறுப்பினராக இருந்து படங்களைக் காட்சிக்கு வைத்தவர்.

இதை எழுதத் தூண்டியது ஒரு சின்னப் பேச்சு. போன மாதம் நண்பர் ஒருவர் தம் பேத்தி வரைந்த படத்தைக் கொண்டுவந்து காட்டினார். வீட்டு முற்றத்துப் பலாமரம். அடிமரத்தில் காய்த்துத் தொங்கும் சக்கைகள், பக்கத்தில் சாய்த்து வைத்த ஏணி. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. நான் பாராட்டியதும் நண்பர் கூச்சத்துடன், "ஒண்ணுமில்ல சார், வெறும் பென்சில் படம்தான். கலர் இன்னும் குடுக்கல" என்றார். அந்த 'வெறும்' என்ற சொல் மனதில் நின்றுவிட்டது. பென்சில் படம் என்றால் முடியாத படம், கலர் கொடுத்த பிறகுதான் அது ஓவியம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அது சரிதானா? பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் பழையதைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கிறேன்.

தமிழில் இதற்கு ஒரு பெயர்

முதலில் நம் மொழியையே பார்ப்போம். இன்று 'எழுதுவது' வேறு, 'வரைவது' வேறு. பழந்தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஓவியத்தையும் 'எழுதினார்கள்'. கண்ணுக்கு மை இடுவதையும் 'கண்ணெழுதுதல்' என்றார்கள். மலையாளத்தில் இன்றும் கண்ணெழுத்து என்றுதான் பெயர். எழுத்தாணி பிடித்த கையும் சித்திரம் தீட்டிய கையும் செய்தது ஒரே தொழில் என்றுதான் அந்தக் காலத்தார் கருதியிருக்கிறார்கள்.

ஓவியர்களுக்கு மதுரைக்காஞ்சி தரும் பெயர் 'கண்ணுள் வினைஞர்'. பார்ப்பவர் கண்ணுக்குள் வேலை செய்கிறவர்கள். அதைவிட நம் விஷயத்துக்குப் பொருத்தமான ஒரு சொல் நெடுநல்வாடையில் இருக்கிறது. 'புனையா ஓவியம்'. போருக்குப் போன அரசனை நினைத்து, நகைகளைக் களைந்து, ஒப்பனை ஏதுமில்லாமல் கட்டிலில் இருக்கும் அரசிக்கு இதை உவமையாகச் சொல்கிறார் புலவர். வண்ணம் கொடுக்காமல் கோட்டால் மட்டும் வரைந்த சித்திரம் என்று உரை விளக்குகிறது. மணிமேகலையிலும் இந்தச் சொல் வருகிறது.

கவனித்துப் பாருங்கள். 'முடியாத ஓவியம்' என்றோ 'குறை ஓவியம்' என்றோ புலவர் சொல்லவில்லை. அரசியின் அழகு நகையோடு போய்விடவில்லை. ஒப்பனை இல்லாத இடத்தில்தான் அது துலங்குகிறது என்பதற்கே அந்த உவமை. வண்ணமில்லாக் கோட்டுப் படத்தைத் தனியாக ஒரு வகையாகக் கண்டு, அதற்குப் பெயரும் வைத்து, அழகுக்கு உவமையாகவும் ஆக்கிவிட்டார்கள். பென்சில் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்திய கதை இது.

சுவருக்குள் மறையும் கோடு

நம் வீட்டு வாசலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில், மேல்மாடிச் சுவர்களில் உள்ள ஓவியங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1956இல் நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த பின்னும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில்தான் இருக்கிறது.

அந்த மரபில் ஒரு சுவர் ஓவியம் பல படிகளாக உருவாகும். முதலில் கோட்டால் உருவத்தைக் குறிப்பது. பிறகு அந்தக் கோட்டைத் திருத்தி உறுதி செய்வது. அதன் பிறகுதான் வண்ணம், நிழல். கடைசியில் மறுபடியும் ஒரு முடிவுக் கோடு. முதல் கோடு போடுவதற்கென்றே தனியாகக் குச்சி செய்து வைத்திருந்தார்கள். 'கிட்டலேகினி' என்று பெயர். நம் நாட்டுப் பென்சில் என்று அதைச் சொல்லலாம். அதன் கோடு வண்ணத்துக்கு அடியில் மறைந்து போய்விடும். ஆனால் சுவரில் உருவம் சரியாக உட்காருவது அந்த மறைந்த கோட்டால்தான்.

நாகர்கோவில் லேஸ் வேலையும் இப்படித்தான். மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் அம்மையார் 1820களில் அதை இங்கே தொடங்கினார். அந்தக் காலத்தில் அடிமை நிலையிலிருந்த பெண்கள் லேஸ் பின்னிக் கிடைத்த கூலியைக் கொடுத்தே விடுதலை பெற்றார்கள் என்பதை மிஷன் சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள். அந்த லேஸுக்கு அடியிலும் ஒரு வரைபடம் இருக்கும். கெட்டிக் காகிதத்தில் பூவும் இலையும் கொடியும் கோட்டால் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் துளை குத்தி, தலையணை மேல் விரித்து, துளைகளில் குண்டூசி செருகி நூலைப் பின்ன வேண்டும். லேஸ் கப்பலேறிச் சீமைக்குப் போனது. அடியில் கிடந்த காகிதம் கிழியும்வரை உழைத்துவிட்டு அடுப்புக்குப் போனது. அதை வரைந்தவர் யார் என்று கேட்டவர்களும் இல்லை.

கோடு எல்லாக் கலைக்கும் வேலை செய்யும். கூலி வாங்கும்போது மட்டும் வரிசையில் கடைசியில் நிற்கும். பென்சில் படத்தின் நிலையும் இதுதான்.

பென்சில் வந்த வழி

இனி பென்சில் கதை. 1560களில் இங்கிலாந்தின் வடக்கே, ஏரிகள் நிறைந்த கம்பர்லாந்து மலைப்பகுதியில் பாரோடேல் என்ற பள்ளத்தாக்கில் கறுப்பான ஒரு கனிமம் கிடைத்தது. இடையர்கள் அதை ஆட்டின் மேல் அடையாளம் போடப் பயன்படுத்தினார்களாம். காகிதத்தில் உரசினால் அழகான கரிய கோடு விழுந்தது. ஈயம் போலத் தோன்றியதால் கறுப்பு ஈயம் என்றார்கள். நாமும் பின்னாளில் 'காரீயம்' என்றே சொல்லிவிட்டோம். உண்மையில் அதில் ஈயமே கிடையாது. அது வெறும் கரிதான் என்று 1779இல் ஷீலே என்ற வேதியியலறிஞர் கண்டறிந்தார். அதற்கு கிராஃபைட் என்ற பெயர் 1789இல் வந்தது. கிரேக்கத்தில் 'எழுது' என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயர். அங்கேயும் எழுத்துதான்!

பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுக்கும் இது தேவைப்பட்டதால் பாரோடேல் சுரங்கத்துக்குக் காவல் போட்டார்கள். அங்கே திருடுவது பெருங்குற்றம் என்று 1752இல் பார்லிமென்டில் சட்டமே வந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் நடந்த யுத்தத்தில் பிரான்சுக்கு இங்கிலாந்தின் கிராஃபைட் கிடைக்காமல் போனது. அப்போது கோன்ட்டே என்பவர் கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டுப் பார்த்தார். 1795இல் அதற்கு உரிமம் பெற்றார். களிமண் கூடினால் கோடு வெளிறிக் கடினமாகும். குறைந்தால் மென்மையாகிக் கறுக்கும். கடைகளில் எச், எச்.பி, 2பி, 4பி என்று நாம் கேட்டு வாங்குவதெல்லாம் இந்தக் கலவையின் அளவுதான்.

பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. லத்தீனில் 'பெனிசில்லஸ்' என்றால் சிறு வால், தூரிகை. பழைய ஆங்கிலத்தில் பென்சில் என்றால் தூரிகைதான். தூரிகை போலக் கிளைத்து நிற்கும் பூஞ்சைக்கு பெனிசிலியம் என்று பெயர் வைத்தார்கள். அதிலிருந்து வந்தது பென்சிலின். ஆஸ்பத்திரி ஊர்க்காரர்களான நமக்கு, பள்ளிப் பையிலிருக்கும் பென்சிலும் நர்சம்மா போட்ட பென்சிலின் ஊசியும் ஒரே வேர் என்று கேட்டால் சிரிப்பாக இருக்கும்.

அழிப்பதற்கு முதலில் ரொட்டியைத்தான் பயன்படுத்தினார்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மரப்பால் பென்சில் கோட்டை நன்றாக அழிக்கிறது என்று 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி எழுதி வைத்தார். தேய்த்து அழிப்பதால் 'ரப்பர்' என்ற பெயர் அதற்கு நிலைத்தது. குலசேகரம் பக்கம் மைல் கணக்கில் நிற்கும் ரப்பர் மரங்களுக்கு இந்தப் பெயர் வந்தது டயராலோ செருப்பாலோ அல்ல, பென்சிலால்தான்.

கிராஃபைட்டும் நமக்கு அந்நியமில்லை. பழைய திருவிதாங்கூரில், நெடுமங்காடு பக்கம் வெள்ளநாட்டில், மார்கன் குரூசிபிள் என்ற ஆங்கிலேயக் கம்பெனி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை கிராஃபைட் தோண்டி எடுத்தது. 1912 வாக்கில் அது நின்றுபோனது. இலங்கையில் போகல, கஹட்டகஹா சுரங்கங்கள் இந்தக் கனிமத்துக்கு உலகப் புகழ் பெற்றவை. இவற்றில் பெரும்பகுதி பென்சிலுக்குப் போகவில்லை. உலோகம் உருக்கும் மூசை செய்யப் போனது. தட்டான் கையில் மூசையாகவும் பிள்ளை கையில் பென்சிலாகவும் இருப்பது ஒரே கரிதான்.

கெண்டலிலிருந்து நெய்யூருக்கு

இப்போது சோமர்வெல்லுக்கு வருவோம். தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் 1890 ஏப்ரல் 16இல் கெண்டல் என்ற ஊரில் பிறந்தார். குடும்பத்துக்குச் செருப்புத் தொழிற்சாலை. அந்தக் கெண்டல், நான் மேலே சொன்ன பாரோடேல் பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். பென்சில் பிறந்த மலைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவர். மலையேற்றமும் படம் வரைதலும் இசையும் அங்கேதான் அவரிடம் ஒட்டிக்கொண்டன.

கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் படித்து டாக்டரானார். முதல் உலகப் போரில், 1916இல் சோம் யுத்தக்களத்தில் காயம்பட்டவர்களுக்கு ஆபரேஷன் செய்தார். 1922இல் எவரெஸ்ட் குழுவில் சேர்ந்து, மாலரி, நார்ட்டன் ஆகியோருடன் ஆக்சிஜன் இல்லாமல் சுமார் 8,225 மீட்டர் உயரம்வரை ஏறினார். அதுவரை மலையேறியவர் எவரும் அந்த உயரத்தைத் தொட்டதில்லை. அந்தப் பயணத்தின் முடிவில் ஜூன் 7ஆம் தேதி பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் இறந்தார்கள். அந்த மரணங்கள் அவரை வெகுகாலம் வருத்தின.

பிறகு கையில் அறுபது பவுண்டை வைத்துக்கொண்டு இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர் நெய்யூர் வந்தார். 1838இல் டாக்டர் ராம்சே தொடங்கிவைத்த மருத்துவ மிஷன் அது. கூட்டம் கூட்டமாக நோயாளிகள் காத்திருக்க, டாக்டர் பியூ தனியாளாகத் தவித்துக்கொண்டிருந்தார். லண்டன் வேலையை வேண்டாமென்று விட்டுவிட்டு சோமர்வெல் இங்கேயே வந்து சேர்ந்தார். நடுவில் 1924இல் மறுபடி எவரெஸ்ட். அந்தமுறை சுமார் 8,500 மீட்டர் உயரத்தில் தொண்டை அடைத்துச் சாகக் கிடந்து மீண்டார். மாலரி கடைசியாக ஏறும்போது எடுத்துச் சென்ற சின்னக் கேமரா சோமர்வெல் கொடுத்ததுதான். இருபது ஆண்டுக்கு மேல் நெய்யூரிலும், பின்பு வேலூர் மருத்துவக் கல்லூரியிலும் பணி செய்து 1961இல் ஊர் திரும்பினார். 1975இல் காலமானார். காரக்கோணத்தில் இருக்கும் மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எவரெஸ்ட் பயணங்களில் அவர் வரைந்தவை பெரும்பாலும் பாஸ்டல் எனப்படும் வண்ணக்கட்டியாலும் நீர்வண்ணத்தாலும் ஆனவை. விலை உயர்ந்த தாளை அவர் தேடவில்லை. கடையில் பொட்டலம் கட்டும் மலிவான பழுப்புக் காகிதத்தில் வரைந்தார். திபெத்தின் புல்லில்லாத மண்மேட்டுக்கு அந்தப் பழுப்பே பாதி வேலையைச் செய்துவிட்டது. ராயல் ஜியாகிரபிகல் சொசைட்டியும் ஆல்பைன் கிளப்பும் அவர் படங்களை வைத்திருக்கின்றன.

வண்ணக்கட்டியால் ஆனது பென்சில் படமாகுமா என்று கேட்கலாம். பாஸ்டல் ஓவியத்தில் சேருமா, வரைதலில் சேருமா என்பது மேல்நாட்டில் பழைய வழக்கு. காய்ந்த குச்சியைக் காகிதத்தில் உரசிச் செய்யும் வேலை என்ற வகையில் பென்சிலும் கரிக்குச்சியும் பாஸ்டலும் ஒரே குடும்பம். உறைபனியில் தண்ணீர் கட்டியாகிவிடும், எண்ணெய்ச் சாயமும் இறுகிவிடும். குச்சி மட்டும் எழுதும். வெயில், மழை, பனி என்று எந்த இடத்துக்கும் கூட வரும் கலை இந்தக் குடும்பத்துடையது.

டாக்டரின் கை

ஒரு டாக்டருக்கு வரைதல் எதற்கு? மருத்துவத்தின் சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது. 1858இல் வெளிவந்த கிரே என்பவரின் உடற்கூற்று நூலை உலகம் முழுக்க மாணவர்கள் படித்தார்கள். அதிலுள்ள படங்களை வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர் என்ற இளம் டாக்டர். அச்சுக்கான மரக்கட்டைகளின் மேல் இடம்வலம் மாற்றி வரைந்து கொடுத்தார். அட்டையில் கிரேயின் பெயர்தான் நின்றது. கார்ட்டர் அதே ஆண்டு பம்பாய்க்கு வந்து, முப்பது ஆண்டுக் காலம் தொழுநோய் முதலியவற்றை ஆராய்ந்தார். படம் வரைந்தவன் பின்னால் நிற்பது அங்கேயும் மாறவில்லை.

இன்றும் மருத்துவ மாணவர்கள் ரெக்கார்டு நோட்டில் நுண்ணோக்கியில் கண்டதை நீல, இளஞ்சிவப்புப் பென்சில்களால் வரைகிறார்கள். செல்போனில் ஒரு நொடியில் போட்டோ எடுத்துவிடலாமே என்றால், போட்டோ எடுக்கக் கண்ணைத் திறந்தால் போதும். வரைவதற்கு எது எதோடு சேர்கிறது, எது எங்கே முடிகிறது என்று புரிந்திருக்க வேண்டும். புரியாத இடத்தில் பென்சில் நின்றுவிடும். மலையின் முகட்டைக் கோட்டால் பிடித்த கைதான் இங்கே மரச்சீனியும் கருவாடும் தின்று வயிறு புண்ணான ஏழைகளின் குடலைத் தைத்தது. இரண்டுக்கும் வேண்டியது பார்த்து அறியும் ஒரே பழக்கம் என்பது என் எண்ணம்.

எந்த வரிசையில் வைப்பது?

இத்தாலியில் 1563இல் ஃபிளாரன்சு நகரத்தில் வசாரியின் முயற்சியால் ஒரு கலைக்கழகம் தொடங்கியபோது அதற்கு வரைதலின் பெயரையே வைத்தார்கள். ஓவியம், சிற்பம், கட்டடம் மூன்றுக்கும் வரைதலே தகப்பன் என்பது அவர்கள் கொள்கை. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியிலும் வரைதல்தான் அடிப்படைப் பாடம். அங்கே படித்து வந்தவர்தான் சில்பி. ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' வந்த காலத்தில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைக்காத வீடு குறைவு. கோயில் சிலை முன் மணிக்கணக்கில் உட்கார்ந்து கல்லைக் காகிதத்துக்குக் கொண்டுவந்தார். காந்தியைக் கறுப்புக் கோட்டிலேயே பல கோணங்களில் தந்த ஆதிமூலமும் அந்தப் பள்ளிக்காரர்தான். இருவரும் பேனாவும் மையும் கொண்டு புகழ் பெற்றவர்கள். ஆனாலும் வண்ணமின்றி ஒரு படம் முழுமை பெறும் என்பதைத் தமிழ் வாசகர்களுக்குக் காட்டியவர்கள்.

தகப்பன் என்று சொல்லி மாலை போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார வைப்பதும் உலக வழக்கம்தானே. மியூசியங்களில் எண்ணெய் ஓவியங்கள் கூடத்தில் தொங்கும். வரைபடங்கள் இருட்டுப் பெட்டியில் இருக்கும். வெளிச்சத்தில் காகிதம் கெடும் என்பது அதற்கு நியாயமான காரணம். ஆனால் கண்ணில் படாதது மதிப்பிலும் குறைந்துவிடுகிறது.

நம் பள்ளிகளிலும் அதுதான் நடந்தது. டிராயிங் லோயர், ஹையர் என்று அரசுத் தேர்வெழுதி, ஃப்ரீஹேண்ட், மாடல் டிராயிங் எல்லாம் பாஸ் செய்துவிட்டு வந்த டிராயிங் மாஸ்டர்களை நாம் கண்டிருக்கிறோம். பரீட்சை நெருங்கினால் அவர் பீரியடைத்தான் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். எனக்கு டிராயிங் சொல்லித்தந்த சார் ஒருவர், பழைய ஓட்டு வீடுகள், வள்ளங்கள், சந்தைக்குப் பானை சுமந்து வரும் பெண்கள் என்று நோட்டு நோட்டாகப் பென்சிலில் வரைந்து வைத்திருந்தார். திங்கள்சந்தையின் பழைய தோற்றத்தை அதில் பார்த்த ஞாபகம் எனக்கு இருக்கிறது. அவர் காலத்துக்குப் பிறகு வீட்டை இடித்துக் கட்டியபோது அவை பழைய பேப்பரோடு எடைக்குப் போயின. பூஜை அறையில் இருந்த கலர் படங்களைப் பத்திரமாக எடுத்து வைத்தார்கள். பென்சில் நோட்டுகளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்தச் சந்தையின் தோற்றம் இனி யாருக்கும் கிடைக்காது.

அதனால் இதைப் படிக்கும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தட்டிலோ டிரங்குப் பெட்டியிலோ யாராவது வரைந்த பென்சில் படம் இருந்தால் எறியாதீர்கள். ஆசாரி போட்ட வீட்டுப் பிளான், அம்மா வரைந்த எம்ப்ராய்டரி டிசைன், பள்ளி நாள் நோட்டு எதுவாகவும் இருக்கட்டும். கிராஃபைட் கரி என்பதால் வெயிலில் வெளுக்காது, வண்ணப் படத்தைவிட அதிக நாள் நிற்கும். அதன் எதிரிகள் ஈரமும் பூச்சியும் உரசலும்தான். இரண்டு சுத்தமான வெள்ளைத் தாளுக்கு நடுவே தட்டையாக வையுங்கள். லேமினேஷன் செய்ய வேண்டாம், சூட்டில் காகிதம் கெட்டுவிடும். செலோடேப் ஒட்டவும் வேண்டாம். பின்பக்க ஓரத்தில் வரைந்தவர் பெயரையும் ஊரையும் தெரிந்த வருஷத்தையும் எழுதி வையுங்கள். எழுதுவதும் பென்சிலால்தான், மை ஊறிவிடும்.

பலாமரம் வரைந்த அந்தப் பிள்ளைக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கிறேன். கலர் கொடுக்க ஆசையிருந்தால் இன்னொரு தாளில் கொடு மக்களே, இது இப்படியே இருக்கட்டும், இது முடிந்த படம் என்று.